நல்ல சேதி சொல்லப் போன நாள்

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு என் அம்மா வரவில்லை. பொங்கல் வரிசையை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கொண்டுவந்து வைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அப்பா மட்டும் வந்தார். தோளில் கரும்புக் கட்டு, கையில் பச்சரிசியும் வெல்லமும் வைத்த கூடை. உள்ளே வருவதற்குள்ளேயே நான் கேட்டுவிட்டேன்.

"இன்னா நைனா, அம்மா வரலையா?"

"ஒடம்புக்கு முடியலம்மா," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

எனக்குப் புகுந்த வீடு திருவள்ளூர், தாய்வீடு கடம்பத்தூர். ரயிலேறினால் வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். அந்தத் தூரத்துக்கு வர முடியாத உடம்பு என்ன உடம்பு? தீபாவளிக்கு நாங்கள் போயிருந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி நமக்கென்ன என்று கைகழுவிவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் எட்டிப் பார்க்காத தாயா என்று தை மாசம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

மாசியில் எனக்கு நாள் தள்ளிப்போய் மூன்று மாசம் ஆனது. என் மாமியார் எட்டுப் பெற்றவர். தெருவில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் எதையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ரசம் வாசனைக்கு ஓடியதைப் பார்த்ததுமே விரல் விட்டு எண்ணிவிட்டார். மூன்று முடிகிறவரை வாயைத் திறக்காதே என்று கட்டளை. முடிந்த மறுநாளே சர்க்கரையும் பழமும் வைத்துத் தட்டை எடுத்து வைத்தார்.

"நல்ல சேதிய புருசன் ஊட்லேர்ந்துதான் எட்த்துக்கினு போவணும். பொண்ணு தன் வாயால சொல்லக் கூடாது. நீ சும்மா என் பின்னால வந்து நின்னா போதும்," என்றார்.

நான் சும்மா நிற்கப்போவதில்லை. ரயிலில் உட்கார்ந்ததிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தை சேதியைச் சொல்வார். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள். அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொங்கலுக்கு ஏன் வரலை என்று கேட்பேன். அவள் அழ வேண்டும். கொஞ்ச நேரம் அழவிட்டுத்தான் சமாதானமாவது என்று நினைத்திருந்தேன்.

அப்பா கத்திரிக்காய்க் கூடைகளோடு விடியற்கால வண்டியிலேயே பட்டணம் போயிருந்தார். தினமும் அவர் பிழைப்பு அதுதான். வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் சமையலறையிலிருந்து அம்மா குரல் மட்டும் வந்தது.

"வாங்கண்ணி. குந்துங்க. இதோ வரேன்."

ரொம்ப நேரம் வரவில்லை. பெண்ணும் சம்பந்தியும் வந்திருக்கிறார்கள், உள்ளே என்ன வெட்டி முறிக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பெரிய சொம்பில் தண்ணீரை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலே அப்பாவின் துண்டைப் போர்த்தியிருந்தாள். மாசி மத்தியான வெயிலில் யாராவது துண்டு போர்த்துவார்களா?

அத்தை எழுந்து நின்றார். தட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை எடுத்து, "சம்பந்தி, வாயத் தொற. சக்கர போட்டுத்தான் சேதியே சொல்லுவேன்," என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு கீழே, வீங்கியிருந்த பாதத்தைப் பார்த்தார். சர்க்கரையைத் திரும்பத் தட்டிலேயே போட்டார்.

"எத்தினி மாசம்?" என்று கேட்டார்.

"எனுக்கு மூணு மாசம் அத்தை. உங்களுக்குத்தான் தெரியுமே," என்றேன் நான்.

"உன்ன கேக்கல."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். "அஞ்சு," என்றாள். சின்னப் பிள்ளைகள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் சொல்கிற குரலில் சொன்னாள்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. என் அம்மாவா? பெண்ணைக் கட்டிக்கொடுத்து மருமகன் வந்து போகிற வீட்டிலா? அப்பா பொங்கலன்று தரையைப் பார்த்துப் பேசியது ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன், நாத்தனார் என்ன சொல்லிச் சிரிப்பாள், தெருவில் குழாயடியில் என்னென்ன பேசுவார்கள் என்று இதுதான் ஓடியது. அம்மா ஒரு வார்த்தை பேசுவேனா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் சிரித்துச் சமாளித்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். உன் பொண்ணும் முழுகாமத்தான் இருக்கா. அத சொல்லத்தான் வந்தோம்," என்றார். பிறகு ஏதோ யோசித்தவர், "ஆனா ரெண்டு புள்ளத்தாச்சி ஒரே ஊட்ல பெத்துக்கக் கூடாதும்பாங்களே. ஒண்ணுக்கு ஒண்ணு ஆவாதுன்னு. அப்ப இவ தலப்பிரசவம் எங்க ஊட்லதானா?" என்றார். குத்திக்காட்டுகிற எண்ணம் அவருக்கு இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் அவர். சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களுக்கு ரேகை மாதிரி அழியாத விஷயம். அதுவும் இல்லையென்று ஆனதும் எனக்கு அடக்க முடியவில்லை. அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். "உனுக்கு மூணா?" என்று என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கையை உதறினேன்.

"உனுக்கு வெக்கமா இல்ல?" என்றேன். "பேரப்புள்ள பாக்கற வயசுல இது இன்னா வேல? நான் எந்த மொகத்த வெச்சிக்கினு அந்த ஊட்ல இருப்பேன்?"

அம்மா குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "நீ பேஜார் ஆவாத. உனுக்கு இந்த ஊட்லதான் பிரசவம். நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டு மத்தியான வண்டியைப் பிடித்தோம். வண்டி நகர்ந்த பிறகு அத்தை, "நான் அந்தாண்ட போனப்ப ரெண்டு பேரும் இன்னா குசுகுசுன்னு பேசிக்கினீங்க?" என்று கேட்டார். நான் அழுகையும் கோபமுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கேட்டதையும் சொன்னேன், அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"பாத்துக்கறேன்னாளா? அப்படியே சொன்னாளா?"

"ஆமா."

வாயில் போட்ட வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பினார். திருவள்ளூரில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், கடம்பத்தூருக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டார். சாயந்திரம்தான் என்றார்கள். நேராக ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காவில் ஏறிவிட்டார்.

"ஏறு," என்றார் என்னிடம்.

"எதுக்கு அத்தை?"

"எங்க பெரியக்காவும் பாத்துக்கறேன்னுதான் சொன்னா. மூணாம் நாள் அவ பொணத்த எடுத்தாச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்பு உறைக்கவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் கருவைக் கலைக்கவென்று ஒருத்தி இருப்பாள். எங்கள் ஊரில் ஏரிக்கரைப் பக்கம் இருந்தாள். அவள் கொடுத்த மருந்தைக் குடித்தவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. அதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆனால் அம்மா என்கிற ஆளோடு அதைச் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. ஜட்கா அந்த மண் ரோட்டில் குதித்துக் குதித்துப் போனது. அத்தை ஒரு கையால் என் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வண்டிக்காரன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். நான் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன்.

அம்மா கிணற்றடியில் துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் ஒரு கலயம். பாதி காலியாகியிருந்தது. அத்தை கலயத்தை மோந்து பார்த்துவிட்டுக் கொட்டிக் கவிழ்த்தார். அம்மாவின் தலையைப் பிடித்துக் குனியவைத்துத் தொண்டையில் விரலை விட்டார். வாந்தி வர வரத் தண்ணீரை ஊற்றினார். "பாவி, நான் ஏதோ வாய்ல வந்தத சொன்னேன்னு இப்டியா பண்ணுவ," என்று திட்டிக்கொண்டே ஊற்றினார். அவரும் அழுதுகொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதே ஜட்காவில் திருவள்ளூருக்குத் திரும்பும்போது அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. கண்ணை மூடியபடி என்னிடம் பேசினாள்.

"பத்து நாளா வாங்கி வெச்சிருந்தேன். குடிக்க மனசு வரல."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மனசை வரவழைத்தது யாரென்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். தெரியாமல் நாட்டு மருந்தைக் குடித்துவிட்டாள் என்று அத்தை சொன்னார். டாக்டரம்மா அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அம்மாவை உள்ளே கட்டிலில் போட்டு நாடியும் வயிறும் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். பிறகு டாக்டரம்மா சீட்டு எழுத உட்கார்ந்தார். பேர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார்.

"அம்பது இருக்கும்," என்றேன்.

"அவ்ளோ இருக்காது. ஒரு நாப்பத்தஞ்சு," என்றார் அத்தை.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "முப்பத்திநாலு."

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ மகளா? உனக்கு எத்தனை?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். அவர் முப்பத்திநாலு என்று எழுதிக்கொண்டார். நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். பதினாறில் என்னைப் பெற்றிருக்கிறாள். அப்படியானால் நான் பாவாடை கட்டித் திரிந்தபோது அவள் அன்றைய என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தபோது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. என் வாழ்நாளில் ஒருமுறைகூட என் அம்மாவுக்கு என்ன வயது என்று நான் யோசித்ததில்லை. அம்மா என்றால் வயதானவள், அவ்வளவுதான். அன்று நான் கண்ட அதிர்ச்சிகளில் அதுதான் பெரிசு. அவள் வயிற்றைப் பார்த்தபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை.

மறுநாள் காலையில்தான் டாக்டரம்மா வெளியே வந்து, தாய்க்கு ஆபத்து இல்லை, வயிற்றில் பிள்ளையும் அசைகிறது என்றார். அப்பா தாழ்வாரத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அத்தை அவரிடம் போய், "இனிமே உங்க ஊட்டம்மா எங்க ஊட்லதான் இருப்பா. ரெண்டும் எங்க ஊட்லயே பொறக்கட்டும்," என்றார்.

"ஒரே ஊட்ல கூடாதுன்னீங்களாமே," என்று அப்பா இழுத்தார்.

"நான் சொன்னத நானே வாபஸ் வாங்கிக்கினேன். போதுமா?"

பெண்ணின் மாமியார் வீட்டில் தாய் பிள்ளை பெற்றாள் என்று ஊர் சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். நான் பயந்தபடியே எல்லாம் நடந்தது, ஆனால் யாரும் செத்துப்போகவில்லை. ஆடியில் என் தம்பி பிறந்தான். ஆவணியில் எனக்கு மகள் பிறந்தாள். அம்மாவுக்குப் பால் பற்றாதபோது இரண்டுக்கும் நான்தான் பால் கொடுத்தேன். அன்று கிணற்றடியில் நடந்ததைப் பற்றி அம்மாவும் நானும் பிறகு பேசியதே இல்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஏதாவது வேலையைச் சொல்லி என்னை எழுப்பி அனுப்பிவிடுவாள்.

என் நாலாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு முப்பத்திநாலு வயது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மாதான் பத்து நாளும் கூட இருந்து எனக்குப் பத்தியச் சோறு போட்டாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். உனக்கு வெட்கமாக இல்லையா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அம்மா கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.