முகங்களே இல்லாத நாற்பத்து மூன்று நிமிடங்கள்: லா ஷப்பலில் மூன்று நாள்

பாரிஸ் வரை போய் ஈஃபிள் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்பியவள் என்று வீட்டில் இன்னமும் எனக்குத் திட்டு விழுகிறது. விழட்டும். போன நவம்பரில் அலுவலக வேலையாகப் பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன். திரும்பும் விமானம் பாரிஸிலிருந்து. நடுவில் மூன்று நாள் கையில் இருந்தது. எனக்குப் பழைய படச்சுருள்கள் என்றால் பைத்தியம். நூறு வருஷத்துத் தெருக்காட்சிகளை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய படக் காப்பகம் ஒன்று பாரிஸில் இருப்பதாகப் படித்ததிலிருந்து, அந்த மூன்று நாளும் அதற்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல். அறை ஒரு இரவுக்கு 78 யூரோ. சன்னலைத் திறந்தால் கீழே தமிழில் யாரோ முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து காப்பகத்துக்கு மெட்ரோவில் இருபது நிமிடம், சீட்டு இரண்டரை யூரோ.

காப்பகத்தில் நுழைவு இலவசம். ஒரு திரை, ஒரு காதொலிக் கருவி, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். முதல் நாள் ஆறு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அமைதிக்காலத்துச் சந்தை ஒன்றில் காய்கறி விற்கும் அம்மா, படமெடுப்பவனைப் பார்த்து ‘வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் நகரு’ என்பதுபோல் கையை வீசுகிறாள். ஊமைப்படம்தான், ஆனால் வசவு காதில் கேட்கிறது. அடுத்த சுருளில் போர். காரின் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஊரே தெற்கு நோக்கிப் போகிறது. அதற்கடுத்ததில் ரொட்டிக்கடை வாசலில் வரிசை. குளிரில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். பெரிய தலைவர்களை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் சனத்தைப் பொறுமையாக எடுத்து வைத்தார்களே, அந்த மனிதர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

மாலை ஐந்து மணிக்கு அறைக்கு வந்தால், சார்ஜருக்கான பிளக் அடாப்டரை பிரஸ்ஸல்ஸிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். ரூ பஜோல் என்ற தெருவில் ஒரு வீடியோக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மரியதாஸ் அண்ணை, மன்னார்க்காரர், கத்தோலிக்கர். கல்யாணவீடு, சாமத்தியவீடு எனப்படும் பூப்பு நீராட்டு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். மடு மாதா படத்தின் கீழே உட்கார்ந்திருந்தவர், நான் நாள் முழுக்க எங்கே இருந்தேன் என்று சொன்னதும் எழுந்தே விட்டார்.

“அங்கையோ போனனீங்கள்? எனக்கும் நாளையிண்டைக்குப் பத்து மணிக்கு அங்கை ரொந்தவூ, அதுதான் சந்திக்க நேரம் தந்து, இருக்குத் தங்கச்சி. வட்டாரத்து ஆக்கள் எடுத்த பழைய படங்களைக் கொண்டு வரச்சொல்லி அறிவிச்சிருக்கினம். இஞ்சை இருக்கிற எங்கட பிள்ளையார் கோயில் தேர், இருபத்தைஞ்சு வருஷத்துக்கு முந்தி நான் எடுத்தது. எடுப்பினமோ தெரியேல்லை.”

“ஏன் அண்ணா எடுக்க மாட்டாங்க?”

“அதில ஒரு குறை கிடக்கு.” குரல் இறங்கிவிட்டது. “இத்தனை வருஷமா இந்தத் தெருவில நடக்கிறம். அவையின்ர படத்தில நாங்கள் ஒருத்தரும் இல்லை. நாளைக்கு எங்கட பிள்ளையள் தேடினால் என்ன கிடக்கும், சொல்லுங்கோ?”

நானும் வருகிறேன் என்றேன். அழையா விருந்தாளி ஆவதில் எனக்கு வெட்கம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை அவர், தான் குடியிருக்கும் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கோட், கையில் கசெட் இருந்த பை. காப்பக அலுவலரான அம்மையார் ஐம்பது வயதுக்காரர், சிரிக்காத முகம். எங்கள் முன்னாலேயே படத்தை ஓடவிட்டார். தார் ரோட்டில் வெறுங்கால்கள். வடத்தைப் பிடித்த கைகள். சிதறும் தேங்காய், சேலைக் கரை, மறுபடி கால்கள். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி, கேமரா பழுதாகிவிட்டதா, மனிதர்கள் எங்கே என்று கேட்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களே? நாற்பத்து மூண்டு நிமிஷமும் இப்பிடித்தான். அப்ப எங்கட ஆக்கள் கனபேருக்கு விசா இல்லை. ‘அண்ணை, முகத்தை எடுத்துப்போடாதேங்கோ, பொலிஸ் பாத்தால் பிடிச்சு அனுப்பிப்போடும்’ எண்டு கையெடுத்துக் கும்பிட்டவை. நான் கமராவை இடுப்புக்குக் கீழ பிடிச்சன்.” பிறகு அதையே பிரெஞ்சில் அவருக்குத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

அம்மையார் எழுந்து போய் வேறொரு படத்தைப் போட்டார். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த காலம். தெருவில் அனுமதியின்றிப் படமெடுக்கத் தடை. யாரோ ஒருவர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று எடுத்திருக்கிறார். சைக்கிள் சக்கரங்கள், பூட்ஸ் கால்கள், சன்னல் விளிம்பு. ஒரு முகம்கூட இல்லை.

“இதை எடுத்தவர் யார், இதில் நடப்பவர்கள் யார் என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு உங்கள் படத்தில் இருப்பவர்களைத் தெரியும் அல்லவா?” என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை எழுத அதில் இடம் இருந்தது.

மிச்சத்தைச் சொல்லுமுன், போக நினைப்பவர்களுக்கு: இருக்கையை முன்பே பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை கட்டாயம். திரையைக் கைபேசியில் படமெடுக்க விடமாட்டார்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஊமைப்படங்களில் தொடங்குங்கள். மதியம் லா ஷப்பலுக்கே திரும்பி வந்து சாப்பிடுங்கள். இடியப்பமும் சொதியும் எட்டு யூரோ, வயிறு நிறையும். ஒரு நாள் போதாது. கோபுரம் எங்கும் போய்விடாது.

அண்ணை பேனாவை எடுத்தார். ஒவ்வொரு காலும் கையும் யாருடையது என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் பேனா இறங்கவில்லை. பழைய பயம் கையைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் திரான்சி என்ற புறநகரில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தார். வடத்தில் முதல் கை அவருடையதாம். அப்போது உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்.

“தம்பி, உன்ர பேரை இதில எழுதலாமோ?”



“அண்ணை, அந்த வீடியோக் கொப்பியை ஊருக்கு அனுப்பினனான். முகம் இல்லாட்டியும் அம்மா என்ர கையைக் கண்டு, ‘இது என்ர பிள்ளை’ எண்டு ஊரெல்லாம் காட்டினவ. இப்ப அவ இல்லை. இனி ஆர் அண்ணை என்னைக் கையை வைச்சு அடையாளம் காணப்போயினம்? எழுதுங்கோ. முழுப்பேரையும் எழுதுங்கோ.”

அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். படிவத்தில் பெயர்களுக்கு நான்கு வரிதான் இருந்தது. நான்காவது வரி முடிந்ததும், தலை நிமிராமலே, அம்மையாரிடம் இன்னொரு தாள் கேட்டார்.