பெரட்டுப் படம்

மலாயாவில் கித்தா எனும் ரப்பரின் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். யார் போவது, யார் இருப்பது என்று துரையிடம் சொல்வது கங்காணிதான். எனக்கு ஊரில் ஒண்ட ஒரு குடிசைகூடக் கிடையாது; பிறந்ததே தங்கா பத்துக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்துக் கூலி லயத்தில். மூன்றாம் வகுப்போடு கித்தாப் பால்வாளியைத் தூக்கியவன், வேறு வேலையும் தெரியாது. அந்த மாதங்களில் கங்காணி இருமினாலே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன்.

அப்போதுதான் என் கூட்டாளி, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குத் தீட்டின படங்கள் பார்க்கப் போகலாம் என்றான். தோட்டத்துப் பலகைகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன் அவன். ஓய்ந்த நேரத்தில் தானும் படம் போடுவான்.

முதலில் ஒரு சீனரின் படக்கடைக்குப் போனோம். தஞ்சோங் கிளிங் கரையில் காயும் வலைகளை அவர் தீட்டியிருந்தார். கிட்டப் போனால் வெறும் கோடுகள்; தள்ளி நின்றால் வலை காற்றில் ஆடியது. எதையாவது தட்டிவிடுவேனோ என்று கையைக் கட்டிக்கொண்டே பார்த்தேன்.

கூட்டாளி அவரிடம் மலாயில் ஏதோ பேசிவிட்டு என்னிடம் சொன்னான்: "இவரு கடைப் பேருல என் படத்தையும் டவுன் மண்டபத்துக் கண்காட்சியில மாட்டியிருக்காருடா."

"என்ன படம்?"

"வந்து பாரு லா."

மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் தீட்டிய பூக்களும் குதிரைகளும்தான் அதிகம். மூலையில் அவன் படம். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு, எதிரே துரை, பக்கத்தில் கங்காணி. வரிசையில் எல்லாரும் வேட்டியை இறக்கிவிட்டுத் தலை குனிந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியோடு துரையை நேராகப் பார்த்து நின்றான். அவனுக்கு என் முகம். காதோரத் தழும்புகூட விடவில்லை.

துரை முன்னால் அப்படி யாரும் நிற்பதில்லை. மறந்து நின்ற ஒருவனுக்கு அன்றோடு வேலை போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

"பாவி! என்னைக் கப்பலேத்தத்தான் இதப் போட்டியா? கழட்டுடா."

"கழட்டுனா திருடன்னு புடிப்பாங்க. ஏன், நல்லாத்தானே இருக்கே? நெசத்தவிட நல்லா இருக்கே."

திட்ட வாயெடுத்தேன். வாசலில் எங்கள் துரையும் துரைசாணியும் நுழைந்தார்கள். பின்னால் துரைசாணியின் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு கங்காணி. இருந்த ஒரே வாசலை அவர்கள் அடைத்துக்கொண்டு வந்தார்கள். படத்துக்கு முன்னால் நின்று மறைக்கலாமா என்று பார்த்தேன்; நின்றால் என் முகமும் அந்த முகமும் சேர்ந்தல்லவா தெரியும்?

துரைசாணி மூலைக்கு வந்து அந்தப் படத்தில் எதையோ காட்டிச் சிரித்தாள். துரை குனிந்து பார்த்தார்.

"கங்காணி, இந்த ஆள் யார்? நம்ம தோட்டமா?"

கங்காணி படத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் என் வேட்டி இறங்கியிருந்தது. தோள் துண்டு கக்கத்துக்கு வந்திருந்தது. எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியாது. மறுபடி படம், மறுபடி நான்.

சட்டென்று அவர் சிரித்தார்.

"மூஞ்சி இவனாட்டம்தாங்க தொர இருக்கு. ஆனா இவனாவது, இப்படி நிக்கிறதாவது! பாருங்க, இங்கயே எப்படி நடுங்குறான். இவன் இல்லீங்க."

துரையும் சிரித்துக்கொண்டே அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். கங்காணி என்னைத் தாண்டும்போது, "காலையில பெரட்டுக்கு நேரத்தோட வந்து சேரு" என்றார். அப்படியென்றால் நாளைக்கும் எனக்கு வேலை உண்டு.

வெளியே வந்ததும் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன். கூட்டாளியின் முகத்தில் காலையிலிருந்த குறும்பு இல்லை.

"பயப்படாத. படம் திரும்பி வந்ததும் அந்த மூஞ்சிய மாத்திடறேன்."

"வேணாம்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். படத்தில் இருந்தவனின் மடித்துக் கட்டிய வேட்டிதான் என் கண்ணிலேயே நின்றது. பஸ்ஸில் லயம் வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலை: என் பேச்சைக் கேட்காமல் மாற்றிவிடுவானோ என்று.