எந்த மொழியிலும் சேராத பேச்சு

ஓசூரில் ஒருவர் பேசுவது புரியாவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். வேறு மொழிக்காரர் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். என் விஷயத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மத்திகிரியில் வாடகை வீடு; வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு நாள் அங்கே டீ குடிக்கும்போது, பக்கத்தில் இருந்த தோழியிடம் "சர்க்கரை கம்மியா இருக்கு" என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

தெலுங்கு வீட்டுப் பெண் அவள். என்னை உற்றுப் பார்த்து, "கன்னடம் எப்பக்கா கத்துக்கிட்ட?" என்றாள்.

எதிரே இருந்த கன்னடக்காரர், "இது கன்னடம் இல்லம்மா, உங்க தெலுங்குதான்" என்றார்.

இருவரும் என்னை எந்த மாநிலத்தில் சேர்ப்பது என்று வழக்காடிக்கொண்டிருக்கும்போதே என் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. தோழி சிரிப்பை நிறுத்தினாள். "ஐயோ, அக்காவுக்கு வாய் கோணிக்கிது!"

ஆம்புலன்சில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம். சீக்கிரம் வந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. "இந்த வயசுலயா?" என்று என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

"இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு தடவைங்க" என்றார் என் கணவர்.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்தது. "கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் வழி தவறி, ரத்தத்தை உறைய வைக்குது. கரு கலைஞ்சதும் அதனாலயா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பர்கூரிலிருந்து வந்திருந்த மாமியார், கரு கலைந்த இரண்டு தடவைக்கும் என் ஸ்கூட்டியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப வண்டி ஓட்டுனதால இல்லீங்களா?" என்றார்.

"இல்லம்மா."

மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். வாய் சரியாக வராத நாட்களில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அதுதான்.

பேச்சு மெல்லத் திரும்பியது. நான் தெளிவாகச் சொன்ன முதல் வாக்கியம், "போனைக் கீழ வச்சிட்டு என்னைப் பாருங்க." என் கணவர் அழுதுகொண்டே நர்சைக் கூட்டிவந்து, "இன்னொருவாட்டி திட்டு" என்றார்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்து நோயை உறுதி செய்தார்கள். இப்போது ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. கீரையின் அளவு மாறினால் மாத்திரையின் வேலையும் மாறுமாம்; சாப்பிடலாம், ஆனால் அளவு கூடவோ குறையவோ கூடாது. என் கணவர் தன் தட்டுக் கீரையை என் பக்கம் தள்ளப் பார்ப்பார். மாமியார் கரண்டியை ஓங்குவார்.

"அவ ரத்தத்துல வெளையாடாதடா!"