இடுப்புக்கு இறங்கிய கை

காலையில் கடல் பக்கமிருந்து வெயில் படுத்தபடியே வரும். முதுநகரில் எங்கள் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நின்றால், பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் என் நிழல் என் உயரத்துக்கே விழும். அது ஒரு கால் மணி நேரம்தான். அப்புறம் நிழல் மெல்ல மெல்லச் சுவரை விட்டு வழுக்கித் தரைக்கு வந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் போஸ் பழகினேன். நிழலுக்கு நரை கிடையாது, தொங்கிப்போன தோலும் கிடையாது. இரண்டு கையையும் தூக்கி மடக்கினால் சுவரில் நிற்பவன் இருபத்துநாலு வயசுக்காரன். எனக்கு அறுபத்தாறு.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு இது. உப்பு, உரம், அரிசி எல்லாம் இந்த முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. வேலை நின்ற பிறகு தெருக்கோடி ஜிம்மில் காலையில் கதவு திறந்து கூட்டிப் பெருக்குகிறேன். பெருக்கி முடித்ததும் நானும் கொஞ்சம் தூக்குவேன். போன மார்கழியில் ஜிம்காரர் வந்து, சிதம்பரத்தில் ஆணழகன் போட்டி நடக்கிறது, அறுபதுக்கு மேல் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள் என்றார்.

"ரெண்டே பேருதான் பேரு குடுத்துருக்காங்க மாமா. நீங்க சும்மா போயி நின்னாலே ஒரு கப்பு."

சும்மா நிற்பதுதான் எனக்கு வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூட்டை தூக்குவது சுலபம். தூக்கினால் நடந்துவிடலாம். போஸ் என்பது ஒன்றுமே இல்லாததைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பது. முகத்தில் சிரிப்பு வேறு இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று திரிந்தவன். தேவனாம்பட்டினம் மணலில் ஓடுவோம். ஓடி முடித்து ஈர மணலில் மல்லாந்து படுத்தால் வானம் தொட்டில் மாதிரி ஆடும். கல்யாணமாகி ஆறு மாதத்தில் சிதம்பரத்தில் ஒரு போட்டி வந்தது. கீழ வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் மேடையில் நாங்கள் வரிசையாக, தேங்காயெண்ணெய் பூசிய உடம்பும் ஜட்டியுமாக நின்றோம். என் மனைவி அப்போது மாசமாக, கம்மாபுரத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள்.

மொத்தம் நாலு போஸ். இரண்டு முடிந்தது. மூன்றாவதுக்குக் கையை மேலே தூக்கி மடக்கினேன். புஜம் கல் மாதிரி எழுந்தது. சனம் கை தட்டியது. அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று.

என் மாமனாரின் இருமல் அது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அந்த இருமல்தான் நுழையும். அதைக் கேட்டால் நான் எங்கே நின்றாலும் மடித்துக் கட்டியிருக்கும் கைலியை இறக்கிவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. பெரியவர் வந்தால் கை தானாக அங்கே போகும்.

அன்றைக்கும் போனது. தூக்கியிருந்த இரண்டு கையும் இடுப்புக்கு இறங்கி, மடிப்பைத் தேடின. மடிப்பு எங்கே இருக்கிறது? எண்ணெய்தான் இருந்தது. நான் விடாமல் தடவித் தடவித் தேடினேன். மண்டபம் மொத்தமும் சிரித்தது. பரிசு கொடுக்க உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். வாசலில் குடையோடு நின்றிருந்த என் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நான் மேடை ஏறவுமில்லை.

மாமனாரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. மழை பேசுவோம், மாடு பேசுவோம். அவருடைய நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அதையும் பேசினோம். அவர் செத்தும் வெகுகாலமாகிறது. இப்படி அம்மணமாக நிற்கிறவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவர் வெட்கப்பட்டுப் போனதாகவே நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மாடியில் பழக ஆரம்பித்த முதல் நாளே, மூன்றாவது போஸில் நிற்கும்போது தெருவில் பால்காரர் இருமினார். சுவரில் இருந்தவனின் கை சடாரென்று இறங்கியது. துணி காயப்போட வந்த என் மனைவி பார்த்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, மடியில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கையைத் தூக்கியதும் இருமினாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அச்சு அசல் அவள் அப்பா. என் கை விழுந்தது.

"என்னா மாமா, இன்னும் எங்கப்பனுக்குப் பயமா?" என்றாள்.

தினமும் இதே கதைதான். எப்போது இருமுவாள் என்று தெரியாது. சில நாள் இருமவே மாட்டாள், எதிர்பார்த்து எதிர்பார்த்தே எனக்குத் தொடை நடுங்கும். சில நாள் நிழல் சுவரை விட்டு இறங்கும் சமயம் பார்த்து இருமுவாள். கண்ணை மூடினால் மாமனார் படியேறி வந்து பின்னால் குடையை ஊன்றி நிற்கிறார் என்றே தோன்றும். பூண்டு வாசனையும் ஈரத்துணி வாசனையும் கடல் காற்றும் கலந்து, நான் எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாள் இருமல் வந்தும் கை விழவில்லை. அப்படியே நின்றது. நான் பெருமையாகத் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"அவரு அன்னிக்குச் சும்மா வர்ல மாமா. துண்டு வாங்கினு வந்தாரு. நீங்க ஜெயிச்சா மேடையேறி உங்களுக்குப் போத்தணும்னு."

"அப்பறம் ஏன் போனாரு?"

"அவரு நின்னா நீங்க கையத் தூக்க மாட்டீங்கன்னுதான். வெளிய டீக்கடையில நின்னு, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பஸ் ஏறுனாராம். நான் போயி மாப்ள கப்பக் கெடுத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லினே இருப்பாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

அந்தத் துண்டு எனக்கு ஞாபகம் இருந்தது. பச்சைக் கரை போட்டது, குழந்தை பிறந்தபோது மாமனார் கொண்டுவந்தது. குழந்தைக்கு வாங்கினது என்று நினைத்து அதைத் தூளிக்குள் விரித்திருக்கிறேன். பிறகு பல வருஷம் என் சைக்கிளைத் துடைத்தேன். துடைத்துத் துடைத்து அது நூலாகப் போனது.

அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வந்தாலும் இருமவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போட்டியன்று மத்தியானமே சிதம்பரம் போய்விட்டோம். இப்போதெல்லாம் தேங்காயெண்ணெய் இல்லை. ஜிம்காரர் ஏதோ பழுப்புச் சாயத்தை ஸ்பான்ஜில் தொட்டு என் உடம்பு முழுக்கப் பூசினார். சுவருக்கு வர்ணம் அடிக்கிற மாதிரி முதுகை மட்டும் இரண்டு கோட்டு அடித்தார். என் மனைவி சுற்றி வந்து பார்த்து, காதுக்குப் பின்னால் விட்டுப்போனதைக் காட்டிவிட்டு, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கிழவர்கள் மூன்று பேரும் மேடை ஏறினோம். விளக்கு கண்ணில் அடித்தது. எதிரே யாரும் தெரியவில்லை. பால் கொட்டிய மாதிரி வெளிச்சம் மட்டும். சிதம்பரம் காணாமல் போனது, மண்டபம் காணாமல் போனது. பாட்டு எங்கோ தண்ணீருக்கு அடியில் ஒலித்தது. முதல் போஸ். இரண்டாவது போஸ்.

மூன்றாவதுக்குக் கையைத் தூக்கினேன். காது தானாகத் திறந்துகொண்டது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் வாசலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இருமல் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வந்தாலும் கையை இறக்க மாட்டேன், நிற்பேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். இடது தொடை ஆடியது. கை ஆடவில்லை. நாலாவது போஸும் முடிந்தது. மைக்கில் ரிலாக்ஸ் என்றார்கள்.

எனக்கு இரண்டாவது கப்பு. டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பிறகு கொடுத்தது.

ரிலாக்ஸ் என்றதும் பாட்டு நின்றது. அப்போது வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து, மூன்றாவது வரிசை இருக்கும் இடத்திலிருந்து, ஒரு இருமல் வந்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. முடியட்டும் என்று காத்திருந்து இருமியிருக்கிறாள்.

என் இரண்டு கையும் மெதுவாக இடுப்புக்கு இறங்கின. நான் தடுக்கவில்லை. அங்கே இல்லாத மடிப்பை விரலால் பிடித்து, கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டு, நேராக நின்றேன்.