பால்சுறாவும் மகளின் நாக்கும்

மகள் பால் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும். சொடக்குப் போடுவது போல, டொக், டொக் என்று. பிறந்த வாரமே தாளம் போடுகிறாள், என் வாரிசுதான், சந்தேகமே இல்லை என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சிரித்தார்கள். விமலா மட்டும் சிரிக்கவில்லை. பால் கொடுக்கிற நேரமெல்லாம் அவள் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டால் என்னைப் போல ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தையின் வாய் மார்பைப் பிடித்து, பிடி நழுவி, மறுபடி பிடிக்கிற சத்தம் அது.

குண்டசாலையில் வாடகை வீடு எங்களுக்கு. பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. விமலாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிள்ளைப்பேறு பார்க்கப் புசல்லாவையிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். பிள்ளை பசியில் கத்துவதைக் கேட்டதும் அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்: பால் பத்தவில்லை. மருந்தும் அவளிடமே இருந்தது: பால்சுறா.

கடலே இல்லாத கண்டியில் தினமும் சுறா தேடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே மார்க்கெட்டில் மீன்காரர் சுறாவைத் தூக்கிக் காட்டுவார். சுறாவோடு சேர்க்கப் பூண்டும் உரிக்க வேண்டும். வேலைத்தளத்தில் ஆட்கள் என்னிடம் சாமான் வாங்கவே ஓரடி தள்ளி நின்றார்கள்.

விமலா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பாலும் ஊறத்தான் செய்தது. பிள்ளையால் எடுக்க முடியவில்லை. நெடுநேரம் சப்பிக் களைத்துத் தூங்கிவிடுவாள்; கொஞ்ச நேரத்தில் பசியோடு எழுந்து அழுவாள். விமலாவின் முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிறகு மார்பழற்சி (பால் தேங்கி, மார்பு வீங்கிக் காய்ச்சல் வருவது) வந்தது.

பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். நிறை ஏறவில்லை, உடனே கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் துடக்கு, பிள்ளை பெற்ற வீட்டின் முப்பத்தொரு நாள் தீட்டு, குறுக்கே வந்தது.

"முப்பத்தொன்னு கழியாம பச்சப் புள்ளையும் தாயும் வாசப்படி தாண்டக்கூடாது தம்பி. நல்லா சாப்புட்டா ஊறும்," என்றாள் அக்கா.

போய்விட்டு வந்துவிடலாமே என்று விமலா மெதுவாகக் கேட்டாள். நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சுறாக் கட்சி. காய்ச்சலுக்கு மட்டும் டிஸ்பென்சரியில் சொல்லி மருந்து வாங்கி வந்தேன். பிள்ளையின் பசி பொறுக்க முடியாமல், அக்கா சொன்னபடி பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தோம். பிள்ளை அதை மடமடவென்று குடித்தாள். அக்காவுக்கும் எனக்கும் உயிர் வந்தது. விமலா காலியான போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவளுக்குக் குடிக்கத் தெரியுது. எங்கிட்டதான் குடிக்க மாட்டேங்குறா," என்றாள்.

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான். அதற்கும் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நினைவில்லாமல் போனது நல்லதுதான்.

முப்பத்தொன்று கழிந்த மறுநாள் டொக்டரிடம் போனோம். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் அம்மா அவர். விமலா பால் கொடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையின் நாக்கின் அடியில் விரலை விட்டுத் தடவினார். பிள்ளை வீரிட்டபோது எங்களைக் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். நாக்கின் நுனி நடுவில் உள்ளிழுத்து, வெற்றிலையின் காம்புப் பக்கம் போல இருந்தது. நாக்குக்கட்டு (நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாகவோ தடித்தோ இருந்து, நாக்கை நீட்டவும் தூக்கவும் விடாமல் இழுத்துப் பிடிப்பது) என்றார். அத்தனை நாளும் நாங்கள் தாயின் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையின் வாய்க்குள் யாரும் பார்க்கவில்லை.

விமலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப என் பால்ல குறை இல்லயா டொக்டர்?"

"உங்கட பால்ல ஒரு குறையும் இல்ல மகள். பிள்ளைக்கு நாக்கை நீட்டிப் பிடிக்க ஏலாது. அவ்வளவுதான்."

காம்பு வெடித்தபோதுகூட வாய்விட்டு அழாதவள் அங்கே அழுதாள்.

நாக்குக்கட்டு உள்ள எல்லாப் பிள்ளைக்கும் வெட்டத் தேவையில்லை, பிடிக்கிற விதத்தைத் திருத்தினாலே பல பேருக்குச் சரியாகிவிடும் என்று டொக்டர் விளக்கினார். எங்களுக்கு அதில் சரிவரவில்லை. பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றி, நாக்கைத் தூக்கி, சின்னக் கத்தரியால் சவ்வை ஒரு வெட்டு வெட்டினார்கள். சில துளி இரத்தம். கதிரை கொடுத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது எனக்குத்தான். நான் கண்ணைத் திறந்தபோது பிள்ளை அழுது முடித்து விமலாவின் மார்பில் இருந்தாள்.

சத்தம் வரவில்லை. டொக் டொக் இல்லை. விமலா சுவரைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. குழந்தை இழுக்க இழுக்கத்தான் ஊறும். இழுக்காத பாலை உடம்பு வேண்டாததென்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் அது பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. விமலா பம்ப் வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பையே கொடுத்தாள். போத்தலின் வேகத்துக்குப் பழகிய பிள்ளையோ கொஞ்சம் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

அக்கா சுறாச் சட்டியைக் கழுவி மேலே வைத்துவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் வாசல்ல குறுக்க நின்னுட்டேன் தாயி," என்றாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் விமலா.

ஒரு மத்தியானம் பிள்ளை மிகச் சரியாகப் பிடித்தாள். வாய் அகலத் திறந்து, நாக்கை நீட்டி, டொக்டர் படத்தில் காட்டியது போலவே. நன்றாக இழுத்தாள். நிறுத்தினாள். தாயை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி இழுத்துவிட்டு, அழாமல், மெதுவாக விட்டுவிட்டாள். விமலா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "போத்தலக் கொண்டாங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் மார்பு கொடுக்கவில்லை.

பால்மாவில் வளர்ந்த பிள்ளை ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதைப் படிக்கிற தாய்மார் போத்தல் கொடுப்பதற்காக யாரிடமும் தலைகுனிய வேண்டாம். ஆனால் பால் கொடுக்கும்போது வலித்தால், பிள்ளை நிறை ஏறாவிட்டால், துடக்கோ நல்ல நாளோ பார்க்காமல் அன்றைக்கே போய் வாயைத் திறந்து காட்டுங்கள்.

மகள் இப்போது ஓடித் திரிகிறாள். சோறு, பருப்பு, என் தட்டிலிருக்கிற பொரியல் எல்லாம் சாப்பிடுகிறாள். அவளுடைய உடம்புக்கு அந்த மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

போன கிழமை அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். பின் சீட்டில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. விமலா தோளில் கிடந்த சால்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன்.

"ஒன்னுமில்ல. கைக்குழந்த அழுதா இன்னும் அப்புடி இருக்கு."

"வலிக்குதா?"

"இல்லங்க. யாரோ கூப்புடுற மாதிரி இருக்கு."

அந்தக் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. தாய் மார்பில் போட்டிருப்பாள். பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. விமலா கையை எடுக்கவில்லை.