உத்தரியம் பட்ட சிவப்புப் பந்து

ஷமீரின் ஓட்டோவில் ஏறிய யாரும் அவரை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லமாட்டார்கள். மறிச்சுக்கட்டியிலிருந்து மன்னாருக்கு வரும் வழியில் பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்துவார். சந்தைக்கு முன்னால், வாகனம் நிறுத்தக் கூடாது என்ற பலகையின் நிழலிலேயே வாகனத்தை நிறுத்துவார். அங்கே வேறு நிழல் இல்லை என்பது அவருடைய நியாயம். பொலிஸ்காரர் கேட்டால், பலகை தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்கிறது என்பார்.

இதே மனிதர் ஞாயிறு பின்னேரத்தில் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மரியதாசனின் ரயர்க்கடை மாடிக்கு ஏறிவிட்டால், அங்கே இருமுவதற்கும் யோசிக்க வேண்டும். அந்த மாடியில்தான், கோலால் பந்தை அடித்துக் குழிக்குள் விழுத்தும் மன்னாரின் பூல் மேசை கிடக்கிறது. மரியதாசன் அதை வாங்கியபோது பிழைப்புக்குத்தான் வாங்கினார். பிறகு போட்டி வைத்தார். போட்டி வைத்ததும் சண்டை வந்தது. சண்டை வந்ததும் நடுவர் தேவைப்பட்டார்.

நடுவர் என்றால் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாதவராக இருக்க வேண்டும். மன்னாரிலும் கடலோர ஊரான அரிப்பிலும் தேடிப் பார்த்தார்கள். அகப்பட்ட ஒவ்வொருவரும் யாரோ ஓர் ஆட்டக்காரனுக்கு மாமனாகவோ, மச்சானாகவோ, குறைந்தது ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தகப்பனாகவோ இருந்தார். கடைசியில்தான் ஷமீரின் பெயர் வந்தது. முஸ்லிம் என்பதால் இரண்டு ஊர்க் கத்தோலிக்கப் பங்குகளிலும் அவருக்கு ஞானப்பிள்ளைகள் இல்லை. தவிரவும் கட்டாரில் வேலை செய்த காலத்தில், தொழிலாளர் விடுதியில் கிடந்த மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ்கார மேற்பார்வையாளரிடம் இந்த ஆட்டத்தையும் அதன் மரியாதைகளையும் சேர்த்தே கற்றிருந்தார். அந்த மனிதர் கொங்கிறீற் கலவையில் சீமெந்து குறைந்தால் மன்னிப்பாராம். எதிராளி அடிக்கும்போது கதிரையை விட்டு எழும்பினால் மன்னிக்க மாட்டாராம்.

வீட்டில் சம்மதம் இலேசாகக் கிடைக்கவில்லை. ஷமீர் முன்பு உதைபந்தாட்டத்துக்கு நடுவராக நின்றவர். ஓர் இறுதி ஆட்டத்தில் தன் சொந்த ஊருக்கு எதிராகத் தண்டனை உதை கொடுத்தார். அது சரியான தீர்ப்பு என்பதில் அவருடைய ஊரில் யாருக்கும் ஐயமில்லை. அதனால்தான் மாதக் கணக்கில் ஒருவரும் அவருடைய ஓட்டோவில் ஏறவில்லை. மனைவி அஸீபா இந்த முறை ஒரு நிபந்தனை போட்டார்.

“இதிலயும் ஒரு சண்டை கிளம்பினா, அதோட சரி. பிறகு நடுவர் கிடுவர் எண்டு வெளிக்கிட ஏலாது.”

ஷமீர் ஒத்துக்கொண்டார். தன் சொல்லுக்கு மனிதர் அடங்கக்கூடிய ஒரே இடம் அந்த மாடி என்பதை அவர் அஸீபாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது மனைவிக்குத் தெரியாத செய்தியாக இருந்திராது.

அடக்குவதற்கு அங்கே ஆட்கள் குறைவில்லை. அரிப்பிலிருந்து வருகிறவர்கள் கடலில் நிற்கும் படகுக்குக் கரையிலிருந்து பேசிப் பழகியவர்கள். அந்தச் சத்தத்திலேயே ஆட்டக்காரனுக்கு ஆலோசனை சொன்னார்கள். ஷமீர் போய் அவர்களுக்கு முன்னால் நிற்பார். சத்தம் தானாக இறங்கும். கோலின் நுனிக்குப் பூசும் சோக்குக்கட்டியை மேசை விளிம்பில் மறந்து வைத்தவன், அதை நடுவரின் சட்டைப்பையிலிருந்து “தாங்கோ நானா” என்று, முஸ்லிம் அண்ணனை அழைக்கும் முறையில், கேட்டு வாங்க வேண்டும். இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் பந்து போகவேண்டிய கோணத்தை விளக்கத் தொடங்கினார்; அவர் மிகுந்த மரியாதையோடு படிவரை வழியனுப்பப்பட்டார். கோணம் சரியாகத்தான் இருந்தது.

இப்படியாக இறுதிப் போட்டி வந்தது. ஒரு பக்கம் அரிப்பு ஜஸ்ரின், படகு இயந்திரம் திருத்துகிறவன். மற்றப் பக்கம் மன்னார் ஜெகதீபன், ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். மாடியில் கதிரைகள் போதாமல் கீழிருந்து பழைய ரயர்களை ஏற்றி அடுக்கி அதன்மேல் இருந்தார்கள். முன்வரிசையில் ஜஸ்ரினின் தாய் மாக்கிறட். பக்கத்தில் அரிப்புப் பங்குத்தந்தை பஸ்ரியன் அடிகளார். தான் பொதுவான ஆள் என்று வந்தவுடனேயே அறிவித்தவர், ஜஸ்ரின் பந்து விழுத்தும் ஒவ்வொரு தரமும் தன் முழங்காலில் தானே அடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டங்கள் மாறி மாறி விழுந்து இருவரும் சமமாக வந்து நின்றார்கள். கடைசி ஆட்டம். ஜஸ்ரினுக்கு முழு நிறப் பந்துகளில் நீலம், சிவப்பு என்று இரண்டு மிச்சம். அதன்பின் கறுப்பு விழுந்தால் கிண்ணம் அரிப்புக்கு. ஜெகதீபனுக்கும் கோடு போட்ட இரண்டு பந்துகளும் கறுப்பும் இருந்தன.

நீலம் தொலைவில் நின்றது. ஜஸ்ரின் மேசைமேல் நீளமாகச் சாய்ந்து, ஒரு கால்விரலை மட்டும் நிலத்தில் ஊன்றினான். கால் முழுதாக நிலத்தைவிட்டு எழும்பினால் பிழை என்பதால், ஷமீர் குனிந்து முதலில் விரலைப் பார்த்தார். அது நிலத்தில்தான் இருந்தது. பிறகு மேசையைப் பார்த்தார். சேட்டின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. கழுத்திலிருந்த உத்தரியம், மாதா படம் தைத்த அந்தச் சிறிய மண்ணிறத் துணி, வெளியே தொங்கி ஆடி, அவனுடைய நெஞ்சுக்குக் கீழே கிடந்த சிவப்புப் பந்தைத் தொட்டது. பந்து மயிரிழை அளவு உருண்டு நின்றது. அதே கணத்தில் ஜஸ்ரின் அடித்தான். நீலப் பந்து மேசையைக் கடந்து ஓடி மூலைக் குழிக்குள் சப்தமாக விழுந்தது.

அரிப்பு எழும்பிவிட்டது. ரயர்கள் சரிந்தன. அடிகளார் முழங்காலை மறந்து பக்கத்து ஆளின் தோளில் அடித்தார்.

சிவப்பு அசைந்ததை வேறு ஒருவரும் காணவில்லை. ஜெகதீபனும் காணவில்லை. ஜஸ்ரினுக்கே தெரியாது. அந்த மாடியில் ஒரு முஸ்லிம் வாய் திறக்காமல் நின்றால் எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள். திறந்தால், கத்தோலிக்கர் நிறைந்த அறையில், மாதாவின் உத்தரியத்தைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். இதை அவர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்று பிறகு பலர் கேட்டார்கள். யோசிக்கவில்லை என்பதுதான் அவருடைய கதையில் உள்ள கோளாறு. யோசித்திருந்தால் நல்ல மனிதராக வீடு திரும்பியிருப்பார்.

“பவுல்” என்றார்.

கைதட்டல் நடுவில் அறுந்தது. அடியில் என்ன பிழை, என்ன பவுல் என்று ஒரே நேரத்தில் பலர் கேட்டார்கள். ஷமீர் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“தம்பியின்ர கழுத்தில கிடக்கிற துணி சிவப்பில பட்டது. உடுப்புப் பட்டாலும் பவுல்தான்.”

மாக்கிறட் எழும்பினார். அவர் மீன் ஏலத்தில் விலை ஏற்றுகிறவர். குரலை உயர்த்தத் தேவையில்லை.

“துணியோ? என்ன கதை கதைக்கிறியள் நானா? அது மாதாவின்ர காவல். என்ர பிள்ளை அதோடதான் கடலுக்குப் போய் வாறவன்.”

“ஓம் அக்கா. நான் அதைக் குறைச்சுச் சொல்லேல்லை. பட்டதைத்தான் சொன்னனான்.”

பின்னாலிருந்து ஒருவன், நானாவின் கழுத்தில் ஒன்றும் இல்லை, அதுதான் கண் இங்கே வருகிறது என்றான். சிலர் சிரித்தார்கள்; அது நல்ல சிரிப்பல்ல. மன்னார்ப் பக்கத்தில் தீர்ப்புக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள், அது இன்னும் மோசம். மரியதாசனின் கண் யன்னல் கண்ணாடிகளையும் மேசையின் பச்சைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் ஷமீரின் காதருகே வந்து, அந்த அடியை மட்டும் திரும்ப அடிக்க விட்டால் இரண்டு பக்கமும் அடங்கிவிடும் என்றார்.

“அப்ப வேற நடுவரைப் பிடியுங்கோ முதலாளி, நான் இப்பவே இறங்கிறன்” என்றார் ஷமீர். “நான் நிக்கும் வரைக்கும் பவுல் பவுல்தான்.”

சொல்லும்போது வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார்.

மாக்கிறட் மேல்முறையீட்டுக்குப் பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினார். உத்தரியம் உடுப்பா என்று ஃபாதரே சொல்லட்டும் என்றார். எல்லாத் தலைகளும் அடிகளார் பக்கம் திரும்பின. அந்தக் கிண்ணத்துக்காக அவர் காலைப் பூசையில் பெயர் குறிப்பிடாமல் ஒரு மன்றாட்டு வைத்திருந்தார் என்பது அரிப்பு முழுவதற்கும் தெரியும்.

அடிகளார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

“மாக்கிறட் அக்கா, உத்தரியம் எண்டால் உடுப்புத்தான். துறவியள் தோளில போடுற உடுப்பைத்தான் எங்களுக்காகச் சின்னனாக்கித் தந்திருக்கு. அது உடுப்பில்லை எண்டு நான் இதில சொன்னால், ஆயர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பார்.”

அரிப்பு உட்கார்ந்தது. திருச்சபையின் போதனையும் பூல் விதியும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு மனிதர் செய்யக் கூடியது அவ்வளவுதான்.

விழுந்த நீலம் குழியிலேயே கிடக்க, ஷமீர் வெள்ளைப் பந்தை ஜெகதீபனின் கையில் கொடுத்தார். விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். ஜெகதீபன் ஒரு கோட்டுப் பந்தை விழுத்தினான். சுற்றி வந்து மற்றதையும் விழுத்தினான். கறுப்பு நடுக்குழிக்கு நேரே நின்றது. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே வந்து பழகும்போது கண்ணை மூடிக்கொண்டு விழுத்தக்கூடிய பந்து. ஆனால் அப்போது மாக்கிறட் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அடித்தான். கறுப்பு குழியின் இரண்டு உதடுகளிலும் தட்டி, யோசித்து, வெளியே வந்து நின்றது.

ஜஸ்ரின் கதிரையிலிருந்து எழுந்தான். அவன் மேசைக்குப் போகவில்லை. கோலைச் சுவரில் சாத்திவிட்டு, உத்தரியத்தை எடுத்து முத்தமிட்டு, முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டினான். பிறகு நடுவரைப் பார்த்தான்.

“இப்ப சரியோ நானா?”

“ஆட்டக்காரருக்கு நடுவர் ஆலோசனை சொல்லக் கூடாது” என்றார் ஷமீர்.

முதலில் சிரித்தவர் மாக்கிறட்தான். அதன்பின் ஷமீர் கையை உயர்த்த வேண்டியிருந்தது. அறை உடனே அடங்கியது. சிவப்பு மூலையில் விழுந்தது. கறுப்பு விளிம்போரமாக ஊர்ந்து, ஊர்ந்து, எல்லோரும் கழுத்தை நீட்டியிருக்க, குழிக்குள் தலைகீழாகப் போனது.

அரிப்பு வென்றதால் நடுவர் நீதிமான் என்று அரிப்பு கண்டுபிடித்தது. சற்று முன் அதே நடுவருக்குக் கைதட்டிய மன்னார்ப் பக்கம், கறுப்பு ஊர்ந்தபோது மேசையில் யாரும் சாய்ந்தார்களா என்று அவர் கவனிக்கவில்லையே என முணுமுணுத்தது. ஷமீர் சோக்குத் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஸீபாவின் நிபந்தனைப்படி இது சண்டையா இல்லையா என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

அதைத் தீர்மானித்தவர் மாக்கிறட். படியிறங்கும்போது மரியதாசனை நிறுத்திச் சொன்னார்.

“வாற முறையும் அந்த நானாதான் நிக்கோணும். அவர் இல்லாட்டி என்ர பிள்ளை வர மாட்டான்.” இரண்டு படி இறங்கித் திரும்பினார். “ஆனா கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ.”