சோளத்தட்டுப் போருக்குள் ஒரு வீடு

கிணத்துக்கடவுப் பக்கம் மண்கரை வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று நான்கு பொக்லைன் என் பேரில் ஓடுகிறது. படித்த எஞ்சினியர்களே கரையைக் காட்டி, "ஏனுங்க, இது நிக்குமுங்களா?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

போன மாதம் ஒரு சின்ன வெள்ளத் தடுப்பணையைப் பலப்படுத்தப் போனேன். அதன் கீழே இப்போது மாடி வீடுகள் வந்துவிட்டதால் அணையை ஆபத்தான வகுப்புக்கு ஏற்றிவிட்டார்களாம். அணைக்கு வகுப்பு போடுவது கரையின் பலத்தை வைத்தல்ல. உடைந்தால் யார் சாவார்கள் என்பதை வைத்து. பழைய ஏட்டில் 'கீழே குடியிருப்பு இல்லை' என்று இருந்ததை எஞ்சினியர் வாசித்தார்.

நான் இருந்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடிசை அந்தக் கரைக்குக் கீழே, ஓடைப் புறம்போக்கில் இருந்தது. கரையடியில் கசியும் ஊற்றில்தான் அம்மா குடம் நிரப்புவாள். அணை எங்களுக்கு மட்டும் ரகசியமாகத் தண்ணீர் தருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தை மாதம், அணையைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. குடிசை கண்ணில் பட்டால் பிரித்து எறிந்துவிடுவார்கள். அப்பா, தான் வேலை செய்த பண்ணாடியின் தோட்டத்திலிருந்து சோளத்தட்டைச் சுமந்து வந்து, சுற்றிலும் கூரை மேலும் அடுக்கி, வீட்டையே ஒரு தட்டுப்போராக்கிவிட்டார்.

"ஊத்துத் தண்ணி கலங்கி வருதுங்க. கரை உள்ளுக்குள்ள கரையுதாட்ட இருக்குது. அதையாச்சும் சொல்லிப்போடுங்க" என்றாள் அம்மா.

"சொன்னா, தெனமும் பாக்கறயே, நீ எங்க குடியிருக்கறேன்னு கேப்பாங்க புள்ள."

போருக்குள் வெயில் கோடுகோடாக இறங்கியது. தட்டின் இனிப்பு வாசம். காற்று அடிக்க அடிக்க, வீடே மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது. நான் ஆட்டுக்குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உள்ளங்கையெல்லாம் அதன் வெதுவெதுப்பு. இடுக்கு வழியே பார்த்தால் கரை வானத்தில் மிதந்தது. அதன்மேல் விரலளவு அதிகாரி, பக்கத்தில் அதைவிடச் சின்னதாக அப்பா. பேச்சு காற்றில் வந்து விழுந்தது.

"அதென்னப்பா போரு?"

"பண்ணாடி ஊட்டுதுங்க. நான் ஆடு மேய்க்க வந்தேனுங்க."

"கரை ஒடஞ்சா கீழ யாருக்காச்சும் உசுருச் சேதம் வருமா?"

"ஒரு ஈ காக்கா இல்லீங்க சாமி."

"அப்ப கடைசி வகுப்புதான். செலவு பண்ணித் திருத்த வேண்டியதில்ல."

குட்டி ஒரு முனகல்கூட விடவில்லை. ஒளிவதிலும் அன்றைக்கு என்னை மிஞ்ச ஆள் இல்லை!

ஜீப் மறைந்ததும் அப்பா ஓடிவந்து தட்டை விலக்கி, "செயிச்சுப்போட்டோம் கண்ணு!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். உச்சி வெயிலில் ஊரையே ஆளுகிறவன்போல் இருந்தது எனக்கு. அம்மா மட்டும் அடுப்பைப் பற்றவைக்காமல் உள்ளேயே உட்கார்ந்து, விலகிய தட்டு வழியாகக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி போனது அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவின் தோளிலிருந்து கத்தினேன்:

"அம்மா, அவரு போயிட்டாரு. இனி பயமில்ல, வெளிய வா!"